நேர்ந்துவிட்ட பார்

ஜனவரி 11, இரவு 11.50

சுபத்ரா அக்கா, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பகலில் எழுதச் சொன்னீர்கள். பகல் என் கையில் இல்லை. ஆதினி இப்போதுதான் தூங்கினாள். பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டால்தான் கண்ணை மூடுகிறாள். முந்தானையை அவளிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நோட்டு அழகாக இருக்கிறது. "பெண்கள் சொல்வதை அலங்காரம் பண்ணாமல் எழுது, மாதக் கடைசியில் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு" என்றீர்கள். கல்லூரியை விட்டு வந்து மூன்று வருடத்தில் என்னை எழுதச் சொன்ன முதல் ஆள் நீங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்றீர்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கோரைவலசை, மன்னார் வளைகுடாக் கரையில் இருநூற்றுச் சொச்சம் வீடுள்ள ஊர். ஆண்கள் நண்டு வலைக்குப் போகிறார்கள். பெண்களில் அறுபது பேர் பாசிக்குப் போகிறார்கள். கடலுக்கடியில் பாறைத் திட்டுகளில் வளரும் பாசியை, மூச்சடக்கி முங்கி, கையால் பறித்து, காயவைத்து, வியாபாரியிடம் போடுவது. அந்தத் திட்டுக்கு இங்கே பார் என்று பெயர். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் அவ்வளவுதான் இறங்குவார்கள். கோடையில் நாற்பத்தைந்து நாள் ஒருத்தியும் இறங்கமாட்டாள். எந்த அதிகாரியும் போட்ட உத்தரவு இல்லை, அவர்களே பேசி வைத்துக்கொண்டது.

நான் பரமக்குடிக்காரி. விலங்கியல் படித்தவள். வீட்டுக்காரர் சேதுபாண்டி. அவருடைய அக்கா நம்புநாயகிதான், நான் மதினி என்று கூப்பிடுகிறவர், பாசிக்குப் போகிற பெண்களுக்குத் தலைவி. நீங்கள் வேலை பார்க்கும் அறக்கட்டளையின் கரையோரத் திட்டத்தில் எனக்குச் 'சமூகப் பதிவாளர்' என்று அடையாள அட்டை. ஊர் எந்தெந்தப் பாரைப் பயன்படுத்துகிறது என்று படம் போட்டு வைத்துவிட்டால், நாளைக்கு எவனும் வந்து இது வெறுங்கடல் என்று சொல்ல முடியாது. இதுதானே நீங்கள் சொன்னது? அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 13

ஆதினிக்கு 101. வெளியே போகவில்லை.

ஜனவரி 16

காய்ச்சல் விட்டது. சளி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் உங்கள் தோழி டாக்டரிடம் கேட்டு அனுப்பிய மருந்து கேட்கிறது. இந்த உதவியை மறக்கமாட்டேன். மூச்சு எண்ணுவதை நிறுத்து என்று சொல்லிச் சேது என்னிடம் திட்டு வாங்குகிறார். நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டுகிறதா என்று பார்க்காமல் எப்படித் தூங்குவது?

ஜனவரி 19

இன்று பெரிய நாள். ஒன்று விடாமல் எழுதவேண்டும்.

காலை ஐந்தரைக்குக் கரைக்குப் போனேன். பெண்கள் வள்ளத்துக்குக் காத்துக்கொண்டு விரல்களில் பழந்துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாறை கிழிக்காமல் இருக்க.

"வந்துட்டாக டீச்சரம்மா" என்றாள் ராக்கு. என் வயதுதான், ஆனால் வாய் எனக்கு மூத்தது. "புள்ளைய எங்க போட்டுட்டு வந்தே?"

"அவர் பாத்துக்கிறார்."

"என் தம்பியா?" என்று மதினி சிரித்தார். "அவன் புள்ளையப் பாக்குறானா, புள்ள அவனப் பாக்குதா?"

படிவத்தை எடுத்தேன். பார்களின் பெயரைக் கேட்டால் முன்பெல்லாம் காது கேட்காத மாதிரி இருப்பார்கள். இன்று மதினி முன்னால் எட்டுப் பெயர் சொன்னார்கள். எட்டோடு நிறுத்திவிட்டார்கள். நான் விடவில்லை. போன மாதம் அவர்களோடு வள்ளத்தில் போனபோது பார்த்திருந்தேன். ஓரிடத்தைத் தாண்டும்போது மட்டும், நீரில் இருந்தவர்கள் எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலை மட்டும் அடித்து நீந்தினார்கள். வாயடிப்பவளும் அந்த இடத்தில் பேசவில்லை.

"அது என்ன பாரு, மதினி?"

எல்லோரும் விரல் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினார்கள்.

"அது நேந்துவிட்டது" என்றார் மதினி கடைசியில். "கோயிலுக்கு ஆடு நேந்துவிடுவாகல்ல, அது மாதிரி. அதுல கை வைக்கிறதில்ல. அதுலருந்துதான் வித்து போயி மத்த பாருல எல்லாம் ஒட்டுது. அத அறுத்தா எல்லாமே மொட்டையாயிரும். வியாபாரி ஆளு வந்து ஒருக்கா அறுத்தான், நான் கல்யாணமாகி வந்த புதுசுல. ரெண்டு வருசம் வெலையில்லாத கட்டப்பாசி பொறுக்கித்தான் வயித்தக் கழுவுனோம்."

"கைய வச்சா?"

"மூணு தடவ கடலுக்கு விடாமக் கரையில குந்த வச்சிருவோம். ராக்கு குந்தியிருக்கா, கேளு."

"அடியேய் அது தெரியாமப் பட்டுச்சு! முங்கயில கால் வழுக்கிப் புடிச்சேன்!" என்று ராக்கு கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது அக்கா. நான் வகுப்பில் இரண்டு பக்கம் படித்ததை இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நீந்தியே செய்து முடித்திருக்கிறார்கள். அந்த இடம் படத்தில் வந்தே ஆகவேண்டும் என்றேன். மதினி முடியாது என்றார். ஆம்பளைகளுக்கே காட்டாத இடம், எடுத்து எழுதினால் நாளைக்கு எவன் கையில் சிக்குமோ என்றார்.

"காப்பாத்தத்தான் மதினி எழுதுறோம். அக்கா அப்பிடி விடமாட்டாங்க."

"நீ எழுதுறது காப்பாத்துறதுக்கு மட்டும்தான்னு உம்புள்ள மேல அடிச்சுச் சொல்லு."

நான் படித்தவள். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அடித்துச் சொன்னேன்.

ஜனவரி 22

நீங்கள் வந்த நாளை நீங்களே அறிவீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், வழக்கம் தப்பக்கூடாது.

ஆதினியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். யாரிடமும் போகாதவள் உங்கள் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சேதுவின் நண்டுக்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். பிறகு வள்ளத்தில் ஒன்பது பாருக்கும் போனோம். கருவியில் இடத்தைக் குறித்தோம். நேர்ந்துவிட்ட பாருக்கு மேல் நீங்கள்தான் அதிக நேரம் நின்றீர்கள். ஆழம் எவ்வளவு, மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்றில் அலை எப்படி, பக்கத்தில் மணல் தரை எவ்வளவு தூரம், மூங்கில் ஊன்றினால் நிற்குமா என்றெல்லாம் கேட்டீர்கள். உங்களுக்கு எதிலும் ஒரு தீர்க்கம். எனக்கு அந்தக் கேள்விகள் தோன்றவே இல்லை.

படிவத்தில் சந்தேகம் வந்தது. 'ஊர்ப் பயன்பாடு' என்ற இடத்தில் உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம். எட்டுப் பாருக்கு உண்டு போட்டேன். ஒன்பதாவதற்கு?

"அறுக்கிறாங்களா?" என்றீர்கள்.

"இல்லக்கா. ஆனா அறுக்காம வச்சிருக்கிறதுதானே அதோட..."

"அறுக்கலேன்னா 'இல்லை'தான் மாலா. உண்மையத்தானே போடணும்? காரணத்த நான் அறிக்கையில விரிவா எழுதிக்கிறேன்."

ஓரத்தில் சின்னதாகப் பென்சிலில் 'விதைக்காக விடப்பட்டது' என்று எழுதினேன். எழுத இடமில்லை என்று சிரித்தீர்கள். அதற்காக அழிக்கவும் சொல்லவில்லை. அதையும் எழுதுகிறேன்.

ஜனவரி 31

முப்பத்திரண்டு பக்கம் படமெடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது.

பிப்ரவரி 6

தண்ணீர் வண்டி வரவில்லை. ஆறு குடம் அடுத்த தெருவிலிருந்து. இடுப்பில் பிள்ளை, தலையில் குடம், வாயில் பல்லவி: "விழாதடி விழாதடி." விழவில்லை.

பதில் எதுவும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

பிப்ரவரி 16

இன்று பௌர்ணமிப் பாடு, பாசிக்கு இறங்கும் நாள். வெளுக்கும்போது போன பெண்கள் எட்டு மணிக்கே திரும்பி வந்துவிட்டார்கள். பை காலி.

நேர்ந்துவிட்ட பாரைச் சுற்றி மூங்கில் ஊன்றியிருக்கிறதாம். காவிநிறப் பந்துகள் கட்டிய கயிறு. நீலவயல் என்று எழுதிய படகில் மிதவை அங்கி போட்ட இரண்டு பேர். வெளிநாட்டுப் பாசியை மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கும் கம்பெனியாம். தாண்டிப் போகக்கூட விடவில்லை.

"எங்க பாரு இதுன்னோம்" என்றாள் ராக்கு. "இது யாரும் பயன்படுத்தாத எடம்னு ரெக்கார்டு இருக்கு, போங்கங்கிறான்! எவன்டா ரெக்கார்டு எழுதுனதுன்னேன். உங்க ஊர்லருந்துதான் எழுதிக் குடுத்துருக்காகங்கிறான்."

மதினி ஈர விரல்களிலிருந்து துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவும் இல்லை. நான் "விசாரிக்கிறேன் மதினி" என்றேன். எழுதிக் கொடுத்தது நான்தான் என்று அப்போதே எனக்குத் தோன்றியதா, தெரியவில்லை. அடுப்பில் பால் இருந்தது, ஓடி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

ஊராட்சி அலுவலகப் பலகையில் நோட்டீஸ். வரைபடம் நம் வரைபடம்தான். ஒன்பது புள்ளியில் எட்டை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். கீழே அட்டவணை. 'உள்ளூர் மக்கள் பயன்பாடு: இல்லை. தகவல்: சமூகப் பதிவாளர், கோரைவலசை. சான்று: முனைவர் சுபத்ரா.' குறிப்பு என்ற கட்டமே இல்லை. மார்ச் 9 காலை பத்து மணிக்கு ஆட்சேபக் கூட்டம்.

உங்கள் கையெழுத்தை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் அக்கா. உடனே கவனியுங்கள்.

பிப்ரவரி 18

ஆதினிக்கு 102. மூச்சு நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. நாற்பத்தாறு.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல்.

பிப்ரவரி 20

உங்கள் கைபேசி எடுக்கப்படவில்லை. பதினோரு முறை அடித்தேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும். கடைசியில் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அடித்தேன். பேசியவருக்கு ரொம்ப மரியாதை.

"மேடம் இங்க இல்லையேம்மா. நீலவயல்ல ஆலோசகரா சேர்ந்துட்டாங்க."

"எப்ப சார்?"

"ஜனவரி ஒண்ணுலருந்து."

அவர் புது ஆளாக இருக்கும். பிப்ரவரி ஒன்று என்பதற்கு ஜனவரி ஒன்று என்று சொல்லியிருப்பார். ஜனவரி பதினொன்றில்தானே நோட்டைக் கொடுத்தீர்கள். ஜனவரி இருபத்திரண்டில்தானே எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள்.

சேதுவிடம் சொன்னேன். வலையில் நண்டுக்கால் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரெண்டு தடவ கொழம்பு கேட்டாகளே" என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 24

இன்னொருவர் வாயால் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

காயவைக்கும் மணலில் பெண்கள் பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆதினியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பிள்ளை இருந்தால் அடிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம். "'இல்லை'ன்னு கட்டம் போட்டது நான்தான்" என்றேன். ஏன் போட்டேன் என்றும் சொன்னேன். உங்களைப் பற்றிச் சொல்லும்போது "அக்காவுக்கும் தெரியாமல் நடந்திருக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

ராக்குதான் முதலில் பேசினாள். கத்தவில்லை. அவள் கத்தாததுதான் பயமாக இருந்தது.

"வருசம் பூராம் அத அறுத்துத் தின்னுருந்தா நம்மதுன்னு எழுதியிருப்பாக. அறுக்காம வச்சதுனால யாருக்கும் வேண்டாததாப் போச்சு. அப்பிடித்தானே டீச்சரம்மா?"

ஒருத்தி எழுந்து தள்ளிப் போய்ப் பாசியைப் புரட்டினாள். பிறகு இன்னொருத்தி. ஆதினி ராக்குவிடம் கையை நீட்டினாள், தினமும் தூக்குகிறவள். ராக்கு குனிந்து வேலையைப் பார்த்தாள்.

சாயங்காலம் மதினி வீட்டுக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை. தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி எடுத்து வந்திருந்தார். பிள்ளையை மடியில் போட்டு நெஞ்சில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, பிள்ளையிடம் பேசுவது போல்:

"நீ என்ன செஞ்சே? நீ ஒண்ணும் செய்யல. அந்தச் சத்தியத்த அத்தை திருப்பிக் குடுத்துட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகாது. அது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "உங்கம்மா செஞ்சது உங்கம்மாளுக்கு."

பிப்ரவரி 25

காய்ச்சல் இல்லை. நான் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 2

கூட்டம் நடத்தப்போகும் அலுவலகத்துக்கு மதினி, ராக்கு, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. யாரோ ஒரு மாமா வந்து உட்காரும்வரை அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே போனேன்.

எழுத்தர் நல்ல மனிதர். காப்பி ஆறியதைப் பொருட்படுத்தாமல் எல்லாம் கேட்டார்.

"நான் தப்பாக் கட்டம் போட்டுட்டேன் சார். திருத்தி எழுதித் தர்றேன்."

"நீங்க தகவல் குடுத்தவங்கம்மா. சான்று போட்டவங்க எழுதணும். இந்தப் பாரு பாதுகாக்கப்பட்டு வருது, கணக்கெடுப்புல விட்டுப்போச்சுன்னு அந்த மேடம் ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அது கெடைக்கலேன்னா?"

"பயன்படுத்துறதுக்கு அத்தாட்சி வேணும். அந்த எடத்துல அறுத்த பாசி, போட்டோ, வியாபாரி சீட்டு."

மதினி கேட்டார்: "அறுக்காம இருக்கோங்கிறதுக்கு என்னய்யா போட்டோ எடுக்க?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "அதுக்கு என்கிட்ட படிவம் இல்லம்மா" என்றார்.

மார்ச் 3

உங்களுக்குப் பதிவுத் தபால். நீலவயல் முகவரிக்கே அனுப்பினேன். அந்த முகவரியில் உங்கள் பெயரைக் கையால் எழுத இரண்டு உறை வீணானது.

மார்ச் 5, இரவு 11.20

இன்று எல்லோரும் கூடிப் பேசினார்கள். என்னையும் வரச் சொன்னார்கள், ஓரமாக நின்றேன்.

ராக்கு சொன்னாள், ஏழாம் தேதி விடிய இறங்கிடுவோம், பத்துப் பேர் படகுக்காரனை மறிப்போம், மத்தவங்க முங்கி அறுப்போம். அறுத்த பாசியைப் படமெடுத்து, சீட்டு வாங்கி, ஒன்பதாம் தேதி மேசையில் கொட்டுவோம். "நம்ம கை பட்டுச்சுன்னாத்தான் அது நம்மது. அவுக சட்டம் அதான்."

"அறுத்துட்டா அப்பறம் எதக் காப்பாத்தப் போறோம்?" என்றார் மதினி.

"அறுக்காட்டி அவன் மூங்கிலப் போட்டு மூடுவான். வெயில் படாமச் செத்துரும். எப்பிடியும் சாகப் போறதுதானே நம்புக்கா! நம்ம பேர்ல சாகட்டும்."

ஒரு மணி நேரம் இப்படியே. யார் சொன்னதும் தப்பில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். நாற்பத்தொரு கை அறுக்க. மதினி தூக்கவில்லை. எண்ணி முடித்துவிட்டு அவரே சொன்னார்: "சரி. இறங்குறதுன்னா நான்தான் மொதல்ல முங்குவேன். மத்தவ தலையில அந்தப் பாவம் வேணாம்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். பதினேழு நாளுக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"மாலா. அந்த அம்மா ரெண்டு வரி எழுதிருமா, எழுதாதா? உனக்குத் தெரியும், நீதான் பழகுனே. எழுதும்னா சொல்லு, இறங்க வேணாம்னு நான் மல்லுக்கட்டுறேன்."

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள் அக்கா. 'எழுதுவார்' என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த ஊரில் இன்னொரு முறை உங்களுக்காக உத்தரவாதம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "கேட்டுச் சொல்றேன் மதினி" என்றேன். ராக்கு சிரித்துவிட்டாள்.

ஆறாம் தேதி பொழுது சாய்வதுவரை பார்ப்பதாக முடிவு. அதற்குள் உங்கள் இரண்டு வரி வந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். வராவிட்டால் நானும் போகிறேன். எனக்கு முங்கத் தெரியாது. வள்ளத்தில் இருந்து பையை வாங்கிப்போடுவேன். சேது பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்க ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் எனக்கு உபயோகம் இல்லை. எனக்கு வேண்டியது இதுதான்: 'கோரைவலசைப் பெண்கள் இந்தப் பாரை அறுக்காமல் பாதுகாத்து வருகிறார்கள், அது பயன்பாடுதான், கணக்கெடுப்பில் விட்டுப்போனது என் தவறு.' உங்கள் தவறு என்று போட மனமில்லாவிட்டால் மாலாவின் தவறு என்று போடுங்கள். கீழே கையெழுத்து. படமெடுத்து அனுப்பினால் போதும், அச்செடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தை இப்போதே அனுப்புகிறேன். கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன். எழுதமாட்டீர்கள் என்றால் அதையாவது சொல்லுங்கள், அவர்களை வீணாகக் காக்கவைக்காமல் இருப்பேன். நாளை பொழுது சாய்வதற்குள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

மாலா